முஸாபிரா, முகீமா?

வெளிநாட்டில் குடித்தனம் நடத்தும் இளம் தம்பதியரின் சிந்தனைக்கு

மார்க்கச் சட்ட நூல்களில் பயணத் தொழுகையைப் பற்றிய பாடம் சிறியது. நம்மில் பெரும்பாலோர் அதைப் பயணம் புறப்படுகிற அவசரத்தில்தான் நினைத்துப் பார்க்கிறோம். ரயிலுக்கு நேரமாகிவிட்ட நிலையில் பள்ளிவாசல் ஹஜரத்திடம், "நான்கை இரண்டாகத் தொழுதுகொள்ளலாமா?" என்று கேட்டுக்கொண்டு ஓடுகிறோம். ஊர் திரும்பியதும் அந்தப் பாடத்தை மறந்துவிடுகிறோம். ஆனால் அந்தச் சிறிய பாடத்துக்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. மனிதன் எப்போது பயணியாகிறான்? எப்போது அவன் ஓரிடத்தில் குடியிருப்பவனாகிறான்? அதைத் தீர்மானிப்பது தூரமா, காலமா, அவனுடைய உள்ளமா? வெளிநாடுகளில் வாழ்கிற நம் இளம் தம்பதியர் இந்தக் கேள்வியைத் தங்களுக்குத் தாங்களே கேட்டுக்கொள்வது மிகவும் அவசியம் என்று கருதுகிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். அவிநாசியிலிருந்து கோயமுத்தூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர். தினமும் போய் வருகிறவர்கள் உண்டு. அவர்கள் முஸாபிர்கள் அல்லர். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றுகிற ஹனஃபி மத்ஹபில், பயணத்தின் குறைந்த அளவுத் தூரம் 48 மைல், அதாவது ஏறக்குறைய 77 கிலோமீட்டர் என்று ஆலிம்கள் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு தூரத்தை நாடி ஊர் எல்லையைத் தாண்டியவர் முஸாபிர். லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகளை அவர் இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டும். ஜும்ஆ அவர்மீது கடமையில்லை. ரமலான் நோன்பைப் பிற்படுத்திக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டு. குர்பானி அவர்மீது வாஜிபில்லை. வழியில் இருக்கிறவனின் கஷ்டத்தை அறிந்த ரஹ்மான் அவனுக்குத் தந்த சலுகைகள் இவை.

இந்தச் சலுகைகள் எப்போது முடிகின்றன? போய்ச் சேர்ந்த ஊரில் 15 நாட்களோ அதற்கு மேலோ தங்குவதென்று நிய்யத் வைத்த அந்த நிமிடமே அவர் முகீம், அதாவது குடியிருப்பவர் ஆகிவிடுகிறார். அதன் பிறகு நான்கு நான்குதான். கடற்கரை ஊர்களில் அதிகமாக வழங்கும் ஷாஃபிஈ மத்ஹபில் இந்தக் காலம் இன்னும் குறைவு. வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நாடினாலே போதும்.

இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். சொந்த வீடு வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அந்த நாட்டுக் குடியுரிமை கேட்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்து காட்டச் சொல்லவில்லை. பதினைந்தே நாட்கள்! அதுவும் கழிந்து முடிய வேண்டியதில்லை. தங்குவதென்று உள்ளம் தீர்மானித்தால் போதும். அல்லாஹ்வின் கணக்கில் ஒருவன் ஓர் ஊரின் முழு மனிதனாவதற்கு அவ்வளவுதான் தேவைப்படுகிறது.

இப்போது நம் பிள்ளைகளின் நிலையைப் பார்ப்போம். கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் போன்ற ஊர்களுக்குச் சபர் என்பது பரம்பரைப் பழக்கம். உள்நாட்டினராகிய நம் கொங்குப் பகுதி வீடுகளிலும் இன்று அது சாதாரணமாகிவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்த வாலிபருக்கு ஷார்ஜாவில் வேலை கிடைக்கிறது. கோயமுத்தூர்க் கல்லூரியில் படித்த பொறியாளருக்கு ஜெர்மனியிலோ லண்டனிலோ வேலை கிடைக்கிறது. நிக்காஹ் நடக்கிறது. சில மாதங்களில் விசா வருகிறது. பெண்ணும் புறப்பட்டுவிடுகிறாள். விமான நிலையம் அவிநாசிச் சாலையிலேயே இருக்கிறது. உறவினரெல்லாம் ஒரு வேன் வைத்துப் போய் வழியனுப்பிவிட்டு, அழுத கண்ணோடு திரும்பி வருகிறார்கள்.

அங்கே போய்ச் சேர்ந்த தம்பதியர் ஒற்றை அறை வீடொன்றில் குடியேறுகிறார்கள். பெட்டிகள் பீரோவின் மேல் ஏறுகின்றன. பாதிச் சாமான்கள் அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே இருக்கின்றன. ஜன்னலுக்குத் திரை வாங்கலாமா என்று அவள் கேட்டால், "ரெண்டு வருசத்துல போகப் போறோம், எதுக்கு?" என்கிறார் அவர். இதில் தவறொன்றுமில்லை, சிக்கனம் நல்லதுதான். ஆனால் அதே வார்த்தை மெல்ல மெல்ல மார்க்கத்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறது.

"ஏனுங்க, பையனுக்கு அஞ்சு வயசாச்சு. இன்னும் அலிஃப், பே கூடத் தெரியலீங்களே?"

"ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம். அங்க மதரஸாவுல சேர்த்துட்டா ரெண்டே மாசத்துல ஓதிருவான்."

பிள்ளைக்கு ஓதக் கொடுப்பது ஊருக்குப் போன பிறகு. விட்டுப்போன தொழுகைகளைக் களாச் செய்வது ஊருக்குப் போன பிறகு. ஜகாத் கணக்குப் பார்ப்பதும் ஊருக்குப் போய்த்தான். அண்டை வீட்டாரை அறிந்துகொள்வதா? நாம்தான் போகப்போகிறவர்களாயிற்றே! இப்படியே இரண்டு வருட ஒப்பந்தம் நான்காகிறது, நான்கு எட்டாகிறது. பையன் பத்தாம் வகுப்புக்கு வந்துவிடுகிறான். திரும்பிப் பார்த்தால் வாலிபத்தின் சிறந்த ஆண்டுகள் ஒரு ரயில் நிலையத்துப் பயணியர் அறையில் கழிந்ததைப் போலக் கழிந்திருக்கின்றன.

இவர்கள் மார்க்கத்தை வெறுத்தவர்கள் அல்லர். வெள்ளிக்கிழமை தவறாமல் ஜும்ஆவுக்குப் போகிறவர்கள், ரமலானில் நோன்பு வைக்கிறவர்கள். தொழுகையில் கஸர் செய்வதுகூட இல்லை. ஆனால் ரக்அத்தில் முகீமாக நிற்கிற இவர்கள், வாழ்க்கையில் முஸாபிராகவே இருக்கிறார்கள். மார்க்கத்தின் மற்றக் காரியங்களையெல்லாம் கஸர் செய்துகொண்டு போகிறார்கள்.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். இவ்வுலகில் அந்நியனைப் போலவோ வழிப்போக்கனைப் போலவோ இருக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்களே, அது ஸஹீஹுல் புகாரியில் வருகிறதே, அப்படியிருக்க முஸாபிராக வாழ்வதில் என்ன குறை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த உபதேசம் எதைப் பற்றியது? வழிப்போக்கன் சுமையைக் குறைத்துக்கொள்கிறான். போகிற வழியில் மாளிகை கட்டுவதில்லை. போய்ச் சேர வேண்டிய இடத்தை மறப்பதில்லை. துன்யாவின் ஆசையில் வழிப்போக்கனைப் போல இரு என்பதே அதன் கருத்து. இபாதத்தை ஒத்திப்போட அதில் அனுமதி ஏது? அந்த உபதேசத்தைக் கேட்ட இப்னு உமர் (ரலி) அவர்களே, மாலையை அடைந்தவன் காலையை எதிர்பார்க்க வேண்டாம் என்ற கருத்தில்தான் பிறருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். உண்மையான பயணி எதையும் நாளைக்கென்று வைப்பதில்லை.

நாமோ இதைத் தலைகீழாக்கிவிட்டோம். அவிநாசியில் இடம் வாங்கி, அஸ்திவாரம் போட்டு, மாடி எடுத்து, தரைக்குப் பளிங்கு பதித்துப் பூட்டி வைத்திருக்கிறோம். வருடத்தில் பதினோரு மாதமும் பூட்டிக் கிடக்கிற அந்த வீட்டின் விஷயத்தில் நாம் முகீம். தினமும் ஐந்து வேளை அழைக்கப்படுகிற தொழுகையின் விஷயத்தில், பிள்ளையின் கல்வி விஷயத்தில், அண்டை வீட்டார் உரிமை விஷயத்தில் நாம் முஸாபிர். நபி (ஸல்) அவர்கள் சொன்னதோ இதற்கு நேர்மாறானது அல்லவா?

இன்னொரு சமாதானமும் சொல்லப்படுகிறது. "எங்கள் விசா நிலையில்லாதது. கம்பெனி எந்த நாளும் அனுப்பிவிடலாம். நாங்கள் எப்படி முகீமாவது?" இதற்கும் சட்ட நூல்களில் இடம் உண்டு. இன்று புறப்படுவோமா, நாளை புறப்படுவோமா என்று தெரியாமல் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டவர், எத்தனை மாதமானாலும் முஸாபிர்தான். இப்னு உமர் (ரலி) அவர்கள் அஸர்பைஜானில் பனியில் சிக்கி ஆறு மாதம் தங்க நேர்ந்தபோது கஸராகவே தொழுதார்கள் என்று அறிவிப்பு உண்டு. அவர்கள் வழி திறக்குமா என்று காத்திருந்தவர்கள். ஒரு வருட வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, சமையல் வாயுவுக்கும் மின்சாரத்துக்கும் முன்பணம் கட்டியவர், நான் பனியில் மாட்டிக்கொண்டவன் என்று சொல்ல முடியுமா? அவருடைய நிய்யத் என்னவென்பதை அந்தக் கையெழுத்தே சொல்லிவிடுகிறது.

அபிஸீனியாவுக்குப் போன தம்பதியர்

இதற்கு நம் சரித்திரத்தில் அழகான முன்மாதிரி இருக்கிறது. வெளிநாட்டில் வாழ்ந்த முஸ்லிம் இளம் தம்பதியர் என்றால் நம் நினைவுக்கு முதலில் வர வேண்டியவர்கள் அபிஸீனியாவுக்கு ஹிஜ்ரத் போனவர்கள். நுபுவ்வத்தின் ஐந்தாம் ஆண்டு, அதாவது கி.பி. 615-இல், மக்காவின் கொடுமை தாளாமல் ஒரு சிறு கூட்டம் செங்கடலைக் கடந்து அந்தக் கிறிஸ்தவ நாட்டுக்குப் போனது. அதில் உஸ்மான் (ரலி) அவர்களும் அவர்களுடைய துணைவியார், நபி மகளார் ருகையா (ரலி) அவர்களும் இருந்தார்கள். அபூஸலமா (ரலி), உம்முஸலமா (ரலி) தம்பதியர் இருந்தார்கள். அடுத்துப் போன பெரிய கூட்டத்தில் ஜஅஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்களும் அவர்களுடைய மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களும் போனார்கள்.

ஜஅஃபர், அஸ்மா தம்பதியர் அங்கே தங்கியது ஒரு மாதமோ ஒரு வருடமோ அல்ல. ஹிஜ்ரி 7-இல், கி.பி. 628-இல், கைபர் வெற்றியின் சமயத்தில்தான் அவர்கள் மதீனா வந்து சேர்ந்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள்! அப்துல்லாஹ், முஹம்மது, அவ்ன் என்ற மூன்று பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள். கி.பி. 622-இல் மதீனாவில் பள்ளிவாசல் எழுந்து, பாங்கு ஒலித்து, ஜமாஅத் அமைந்த பிறகும் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் இவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். உண்மையான வாழ்க்கை மதீனாவில் நடக்கிறது, நாம் இங்கே காத்துக்கிடக்கிறோம் என்று எண்ணிச் சோர்ந்துபோக அவர்களைவிட அதிகக் காரணம் உள்ளவர்கள் யார்?

ஆனால் அவர்கள் காத்துக்கிடக்கவில்லை. மக்காவின் குறைஷிகள் தூதர்களை அனுப்பி இவர்களைத் திருப்பியனுப்பக் கேட்டபோது, நஜ்ஜாஷி மன்னரின் சபையில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் எழுந்து இஸ்லாத்தை எடுத்துரைத்தார்கள். உண்மை பேசுதல், அமானிதம் பேணுதல், உறவைச் சேர்ந்து வாழ்தல், அண்டை வீட்டாரிடம் நல்லபடியாக நடத்தல் ஆகியவற்றை எங்கள் நபி எங்களுக்கு ஏவினார் என்றார்கள். பிறகு மர்யம் சூராவிலிருந்து ஓதிக் காட்டினார்கள். அந்தச் சபையின் சம்பவம் நமக்கு எப்படித் தெரிய வந்தது? அங்கே குடித்தனம் நடத்திய உம்முஸலமா (ரலி) அவர்களின் அறிவிப்பின் மூலமாகத்தான். நஜ்ஜாஷியைத் தங்களுக்கு வாய்த்த நல்ல அண்டை வீட்டாராகவே அந்த அம்மையார் நினைவுகூர்கிறார்கள். அந்த மன்னருக்கு எதிராக ஒருவன் கிளம்பியபோது முஸ்லிம்கள் மன்னரின் வெற்றிக்காக துஆ கேட்டதையும், போர்க்களச் செய்தி அறிய ஸுபைர் (ரலி) அவர்கள் காற்றடைத்த தோல்பையின் மேல் நைல் நதியை நீந்திக் கடந்ததையும் அவர்கள்தாம் சொல்லியிருக்கிறார்கள். தங்கியிருந்த நாட்டின் சுகதுக்கத்தில் பங்குகொண்டவர்கள் அவர்கள். அதுவே முகீமின் இலட்சணம்.

மதீனாவுக்கு வந்த பிறகு ஒரு நாள், ஹப்ஸா (ரலி) அவர்களின் வீட்டில் அஸ்மா (ரலி) அவர்களைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், ஹிஜ்ரத்தில் நாங்கள் உங்களை முந்திவிட்டோம், எங்களுக்கே நபியிடம் உரிமை அதிகம் என்ற பொருளில் பேசிவிட்டார்கள். அஸ்மா (ரலி) அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் நபியின் அருகில் இருந்தீர்கள், உங்களில் பசித்தவருக்கு உணவும் அறியாதவருக்கு அறிவும் அவர்களிடமிருந்து கிடைத்தன, நாங்களோ தொலைதூரத்து அந்நிய மண்ணில் கிடந்தோம் என்று சொல்லி, விஷயத்தை நபி (ஸல்) அவர்களிடமே கொண்டுபோனார்கள். அவர்களுக்கு ஒரு ஹிஜ்ரத், கப்பலில் வந்த உங்களுக்கு இரண்டு ஹிஜ்ரத் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அதைக் கேட்பதற்காகவே கப்பலில் வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக அஸ்மா (ரலி) அவர்களிடம் வந்து போனார்களாம். அந்நிய மண்ணில் கழிந்த ஆண்டுகள் அல்லாஹ்விடம் வீணான ஆண்டுகள் ஆகவில்லை. ஏன்? அங்கே அவர்கள் மார்க்கத்தை ஒத்திப்போடாமல் வாழ்ந்தார்கள்.

மனைவியின் நிய்யத்

ஹனஃபி சட்டத்தில் மற்றொரு மஸ்அலாவும் இருக்கிறது. கணவனோடு பயணம் செய்கிற மனைவியின் நிய்யத், கணவனின் நிய்யத்தைப் பின்பற்றியது. அவன் 15 நாள் தங்க நாடினால் அவளும் முகீம்; அவன் நாடவில்லையென்றால் அவளும் முஸாபிர். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: உடனே தர வேண்டிய மஹரை அவன் தந்து முடித்திருக்க வேண்டும். கைக்கூலி வாங்கிக்கொண்டு நிக்காஹ் செய்து, மஹரைப் பேருக்கு எழுதி வைத்திருக்கிறவர்கள் இந்த நிபந்தனையை இரண்டு முறை படிக்க வேண்டும்.

இந்தச் சட்டம் கணவன்மார்களுக்கு ஒரு பெருமை அல்ல, பொறுப்பு. நீ வாழ்க்கையை ஒத்திப்போட்டால் உன்னோடு வந்தவளின் வாழ்க்கையும் ஒத்திப்போகிறது. உனக்காவது வேலை இருக்கிறது, கூட வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவளுக்கோ நான்கு சுவர். அவிநாசியில் இருந்தவரை தாயும் மாமியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் சூழ வாழ்ந்தவள், அங்கே பாஷை தெரியாமல், பஸ் ஏறத் தெரியாமல், நீ வரும் சத்தத்தை எதிர்பார்த்துக் கதவருகே உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஊரின் பாஷையில் நாலு வார்த்தை அவளுக்குக் கற்றுக்கொடு. பெண்கள் கூடி ஓதுகிற இடம் எங்கே என்று விசாரித்து அழைத்துப் போ. அண்டை வீட்டுக்கு ஒரு தட்டில் ஏதேனும் கொடுத்தனுப்பு. அவளை அந்த ஊரில் முகீமாக்குவது உன் கடமை.

ஆயினும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பயணத்தில்தான் ஒருவர் நிய்யத் மற்றவரைப் பின்பற்றும். ஈமானில் அப்படி இல்லை. அபிஸீனியாவுக்கு உபைதுல்லாஹ் பின் ஜஹ்ஷும், அவருடைய மனைவி உம்முஹபீபா (ரலி) அவர்களும் தம்பதியராகத்தான் போனார்கள். அங்கே உபைதுல்லாஹ் மார்க்கத்தை மாற்றிக்கொண்டு, அந்த நிலையிலேயே இறந்தார் என்று சீறா நூல்களில் அறிவிப்பு உண்டு. அந்த அறிவிப்பின் ஸனதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் கணவனை இழந்து, கையில் பெண் குழந்தையோடு, அந்நிய நாட்டில் உம்முஹபீபா (ரலி) அவர்கள் தனித்து நின்றது உறுதி. ஊருக்குத் திரும்பலாமென்றால் தந்தை அபூஸுஃப்யான் அன்று மக்காவின் எதிரிகளுக்குத் தலைவர். போக இடமில்லாத அந்தப் பெண்மணி நின்ற இடத்திலேயே உறுதியாக நின்றார்கள். நபி (ஸல்) அவர்கள் பெண் கேட்டு அனுப்ப, நஜ்ஜாஷி மன்னரே 400 தீனார் மஹர் கொடுத்து அந்த நிக்காஹை நடத்தி வைத்தார். தம்பதியர் ஒருவருக்கொருவர் ஆடையைப் போன்றவர்கள் என்பது திருமறையின் கருத்து. ஆடை காக்கும், ஆனால் கியாமத் நாளில் ஒவ்வொருவரும் தனியாகத்தான் பதில் சொல்ல வேண்டும். கணவன் அசட்டையாக இருந்தான் என்பதோ, மனைவி ஊக்கம் தரவில்லை என்பதோ அங்கே சமாதானம் ஆகாது.

முன்னோர் செய்ததும் செய்யாததும்

தமிழ் முஸ்லிம் சபராளிகளின் சரித்திரமும் நமக்குப் பாடமாக இருக்கிறது. பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கியது 1786-இல். அங்கே பரங்கிப்பேட்டையிலிருந்து போன காதர் முகைதீன் அவர்களின் தலைமையில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் உருவானது. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் கால்வைத்தது 1819-இல். ஏழே ஆண்டுகளில், 1826-இல், சூலியா முஸ்லிம்கள் என்று அழைக்கப்பட்ட நம்மவர் அங்கே ஜாமிஆ பள்ளிவாசலுக்கு அடித்தளமிட்டுவிட்டார்கள். சைகோனில் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் 1935-இலிருந்து நிற்கிறது. பாய்மரக் கப்பலில் போன அந்த மனிதர்கள் "எப்படியும் ஊருக்குத் திரும்பப் போகிறோம், பள்ளிவாசல் எதற்கு?" என்று நினைத்திருந்தால் அந்த மண்ணில் நம் பெயர் சொல்ல ஒரு தூண்கூட இருந்திராது. பலர் திரும்பியும் வந்தார்கள். ஆனால் இருந்தவரை முகீமாக இருந்தார்கள்.

அவர்கள் செய்யாமல் விட்டதும் ஒன்று உண்டு. பெரும்பாலோர் மனைவியை ஊரில் விட்டுப் போனார்கள். கடிதத்திலேயே குடித்தனம் நடத்திய பெண்கள் எத்தனை பேர்! ஆண்டுக்கணக்கில் தனித்திருந்த அந்தப் பெண்களின் உரிமையை யார் கணக்கெடுத்தது? போருக்குப் போன கணவனை நினைத்து ஒரு பெண் இரவில் புலம்பியதைக் கேட்ட உமர் (ரலி) அவர்கள், தம் மகள் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் ஆலோசித்து, படைவீரர்கள் மனைவியரைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு விதித்தார்கள். அது நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வருகின்றன. எந்தக் கணக்கைக் கொண்டாலும், சம்பாத்தியத்துக்காக ஐந்து வருடம், பத்து வருடம் பிரிந்திருப்பதை அந்தத் தராசு தாங்காது. இன்று அல்லாஹ்வின் அருளால் பலர் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். முன்னோருக்குக் கிடைக்காத பாக்கியம் இது. முன்னோர் பள்ளிவாசல் கட்டினார்கள், குடும்பத்தைக் கொண்டுபோகவில்லை. நாம் குடும்பத்தைக் கொண்டுபோகிறோம். அந்தக் குடும்பத்துக்குள் மார்க்கத்தைக் கட்ட வேண்டாமா?

அதற்கு மினாரா வேண்டியதில்லை. மூஸா (அலை), ஹாரூன் (அலை) இருவருக்கும், எகிப்தில் தம் மக்களுக்காக வீடுகளை அமைத்து, அவ்வீடுகளையே வணக்கத்தின் இடங்களாக்கிக்கொள்ளும்படி கட்டளை வந்ததை யூனுஸ் சூராவின் 87-ஆம் வசனத்தில் காண்கிறோம். கணவன் முன்னே நிற்க, மனைவி பின்னே நின்றால் அது ஒரு ஜமாஅத். இரவில் எழுந்து தொழுது, துணையையும் எழுப்பி, எழ மறுத்தால் முகத்தில் தண்ணீர் தெளிக்கிற கணவனுக்கும், அதையே செய்கிற மனைவிக்கும் நாயகம் (ஸல்) அவர்கள் ரஹ்மத்தைக் கொண்டு துஆச் செய்திருக்கிறார்கள். பாங்கு கேட்காத ஊரில் ஒருவருக்கொருவர் பாங்காக இருக்க வேண்டியவர்கள் தம்பதியர்.

லண்டனில் ஜூன் மாதத்தில் சூரியன் இரவு 9 மணிக்கு மேல்தான் மறையும். டிசம்பரிலோ பிற்பகல் 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். குளிர்காலத்தில் லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வேலை நேரத்துக்குள்ளேயே வந்துவிடும். அவிநாசியில் ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொழுது பழகியவருக்கு அங்கே தினமும் நேரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஊரில் பாங்கும், ஜமாஅத்தும், "எங்கே தம்பியைச் சுபுஹுக்குக் காணோம்?" என்று கேட்கிற பெரியவர்களும் நம்மைச் சுமந்தார்கள். அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். ஊர் கேட்பதற்காகத் தொழுத தொழுகை எது, அல்லாஹ்வுக்காகத் தொழுத தொழுகை எது என்பது அங்கேதான் பிரியும். இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. நம் ஈமானை நாமே அறிந்துகொள்ள அல்லாஹ் தந்த வாய்ப்பாக இதைக் கொள்ள வேண்டும்.

ஜகாத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்குப் போட்ட நகை அவிநாசியில் வங்கிப் பெட்டகத்தில் இருக்கலாம். அதன் உடைமைக்காரி ஷார்ஜாவில் இருக்கலாம். ஹனஃபி மத்ஹபில் தங்கத்தின் நிஸாபு 87.48 கிராம், ஏறக்குறைய 11 பவுன். அணிகிற நகைக்கும் ஜகாத் உண்டு. சந்திர வருடம் சுற்றி வந்தால் அவள் எந்த நாட்டில் இருந்தாலும் நாற்பதில் ஒரு பங்கு கடமையாகிவிடுகிறது. "ஊருக்குப் போய்க் கணக்குப் பார்க்கலாம்" என்று விட்ட ஒவ்வொரு வருடமும் ஏழையின் கடனாக ஏறிக்கொண்டிருக்கிறது.

ஊர் என்னாவது?

வெளிநாட்டில் முகீமாகிவிட்டால் ஊரை மறந்துவிடுவார்களே, அத்தா அம்மாவை மறந்துவிடுவார்களே என்று பெரியவர்கள் அஞ்சலாம். இதற்கும் அதே சட்டம் அழகான பதிலைத் தருகிறது. ஹனஃபி நூல்களில் ஊர் மூன்று வகை. பிறந்து வளர்ந்த ஊரும், குடும்பத்தோடு நிலையாக வாழ முடிவு செய்த ஊரும் வதனெ அஸ்லி. 15 நாளோ மேலோ தங்க நாடிய ஊர் வதனெ இகாமத். அதற்குக் குறைவாகத் தங்கும் ஊர் வதனெ ஸுக்னா. தங்கும் ஊரில் எத்தனை காலம் முகீமாக இருந்தாலும் அதனால் சொந்த ஊர் ரத்தாகிவிடுவதில்லை. ஷார்ஜாவில் பத்து வருடம் வேலை பார்த்தவர் ஒரே ஒரு நாள் லீவில் வந்து அவிநாசி எல்லைக்குள் கால் வைத்தாலும், நிய்யத் எதுவும் தேவையில்லாமல் அந்த நிமிடமே முகீம். அவர் நான்கைத்தான் தொழ வேண்டும்.

இதன் உட்கருத்தைக் கவனியுங்கள். தங்கும் ஊரிலும் முழுமை. சொந்த ஊரிலும் முழுமை. சுருக்கத்துக்கு இடம் இரண்டுக்கும் நடுவிலுள்ள வழி மட்டுமே. அப்படியானால் லீவில் ஊருக்கு வருகிறவர்கள் அத்தா அம்மாவின் உரிமையையும் கஸர் செய்யக் கூடாது. முப்பது நாள் லீவில் இருபத்தைந்து நாளைக் கடைவீதியிலும் விருந்துகளிலும் கழித்துவிட்டு, புறப்படும் நாளில் அம்மாவின் கையைப் பிடித்து அழுவதில் என்ன பயன்? பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மகன் வெளிநாட்டில் சம்பாதிப்பதை மட்டும் விசாரிக்காதீர்கள். "பேரன் என்ன சூரா ஓதுகிறான்? மருமகள் அங்கே யாரோடு பழகுகிறாள்? இந்த வருடம் ஜகாத் கொடுத்தாயா?" என்று கேளுங்கள். நீங்கள் கேட்பதைத்தான் அவர்கள் முக்கியமென்று எண்ணுவார்கள்.

ஜஅஃபர் (ரலி) அவர்கள் திரும்பி வந்தபோது, கைபர் வெற்றியால் அதிக மகிழ்ச்சியா, ஜஅஃபரின் வரவால் அதிக மகிழ்ச்சியா என்று சொல்ல முடியாத அளவுக்கு நபி (ஸல்) அவர்கள் மகிழ்ந்தார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. மறு ஆண்டே, கி.பி. 629-இல், ஜஅஃபர் (ரலி) அவர்கள் மூத்தா போரில் ஷஹீதானார்கள். "ஊருக்குப் போன பிறகு" என்று அவர்கள் எதையேனும் ஒத்தி வைத்திருந்தால், அதைச் செய்ய ஊரில் அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு வருடமே. அபிஸீனியாவில் பிறந்து வளர்ந்த மகன் அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அவர்களோ கொடைக்குப் பேர்போனவராக விளங்கினார்கள். அந்தப் பிள்ளைக்கு முதல் மதரஸா அந்நிய நாட்டில் தாயும் தந்தையும் நடத்திய வீடுதான்.

ஆகவே, வெளிநாட்டில் வாழும் சகோதர சகோதரிகளே! இன்றைக்கே பீரோவின் மேலிருக்கும் பெட்டியை இறக்கி, சாமான்களை எடுத்து வையுங்கள். இந்த ஊரில் எத்தனை நாள் இருந்தாலும் முழுமையாக இருப்போம் என்று இருவரும் சேர்ந்து நிய்யத் வையுங்கள். நாளைச் சுபுஹுக்கு யார் யாரை எழுப்புவதென்று இன்றிரவே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை இன்று மாலை மடியில் உட்கார வைத்து அலிஃப் சொல்லிக்கொடுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகள் எந்த நாட்டில் இருந்தாலும் அவர்களுடைய இல்லங்களை ஈமானின் இல்லங்களாக்கி, ரிஸ்கில் பரக்கத்தும், ஒருவர்மீது ஒருவருக்கு அன்பும், நேரான வழியில் உறுதியும் தந்தருள்வானாக! ஆமீன்.